பல்லுக்குள் ஒரு பல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

பல் வலி என்றதும் நம் நினைவுக்கு வருவது சொத்தைதான். எங்கள் ஊரில் கிராம்புத் தைலம் வைப்பார்கள், கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் 'பூச்சி' எடுப்பார்கள், அடங்காவிட்டால் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் சொத்தையே இல்லாத, பார்வைக்கு முத்துப் போன்ற பல் வலித்தால்? பள்ளிக்கூடம் போகாமலிருக்கப் பொய் சொல்கிறது என்று பிள்ளைக்கு அடி விழுவதும் உண்டு.

தாடைக்குள் பல் உருவாகும்போது, எனாமலை ஆக்கும் திசு ஒரு தொப்பி போல அமைந்திருக்கும். சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகுமுன் அத்தொப்பியின் ஒரு பகுதி உள்நோக்கி மடிந்துவிட்டால், பல்லின் நடுவே எனாமல் பூசிய பை ஒன்று உண்டாகிறது. எக்ஸ்ரே படத்தில் அது பல்லுக்குள் இன்னொரு குட்டிப் பல் போலத் தோன்றும். மேல் வரிசையில் நடுப்பற்களுக்கு அடுத்துள்ள பக்க வெட்டுப்பல்லில்தான் இது மிகுதி. 1957இல் ஓலர்ஸ் என்னும் அறிஞர், மடிப்பின் ஆழத்தைக் கொண்டு இதை மூன்று வகையாகப் பிரித்தார். மூன்றாம் வகையில் மடிப்பு வேரையே துளைத்துக்கொண்டு வெளியேறும்.

வெளியே தெரிவதெல்லாம் பல்லின் பின்புறம் ஊசிமுனையளவு குழி. பிரஷ் அதில் நுழையாது, கிருமி நுழையும். பையின் அடியில் எனாமல் மெலிந்தோ இல்லாமலோ இருப்பதால், பல் முளைத்த சில ஆண்டுகளிலேயே, வேர்நுனி மூடுமுன்பே, பற்கூழ் செத்துப்போவதுண்டு. அதன்பின் வேர் சரிவர வளராது, சிகிச்சையும் கடினம்.

கீழ் முன்கடைவாய்ப்பல்லில் இதற்கு நேர்மாறாக மேற்பரப்பில் சிறு புடைப்பு எழுவதுண்டு. அதற்குள் பற்கூழின் இழை ஓடும். புடைப்பு தேய்ந்தோ ஒடிந்தோ போனால் வலிதான். கிழக்காசிய மக்களிடையே இது அதிகம்.

கண்டறிவது எப்படி? மருத்துவர் முதலில் குளிர்ந்த பொருளைப் பல்லில் வைப்பார். உயிருள்ள பல் கூசும். பற்கூழ் செத்த பல் பொதுவாக உணராது. பிறகு கருவியின் பிடியால் மெல்லத் தட்டுவார். சீழ் கட்டியிருந்தால் நோயாளி துள்ளுவார். செத்த பல் எப்படி வலிக்கும் என்று நானும் வியந்ததுண்டு. வலிப்பது பல்லின் உட்புறமன்று. வேரைச் சூழ்ந்த திசு. அடுத்து எக்ஸ்ரே. அது தட்டையான படமாதலால், சிக்கலான மடிப்புக்கு முப்பரிமாண சி.டி. படமும் தேவைப்படும்.

ஒரு பக்கம் கண்டால் மறுபக்கத்து ஜோடிப் பல்லையும் பார்க்க வேண்டும். இரு பக்கமும் அமைவது அபூர்வமன்று. அது இன்னும் நலமாயிருந்தால், குழியைப் பிசினால் அடைத்துவிடலாம். சில நிமிட வேலை. பக்க வெட்டுப்பல் முளைப்பது எட்டு, ஒன்பது வயதில். அந்த வயதுத் தம்பி தங்கை வீட்டிலிருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அப்பல்லின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.