கைக்கணினி இருந்தால் மடிக்கணினி தேவையில்லையா?

வீட்டில் பல ஆண்டுகள் உழைத்த மேசைக் கணினி ஓய்வு கேட்கிறது. புதிதாக ஒன்று வாங்க ஒதுக்கிய பணமோ ஒரே ஒரு சாதனத்திற்குத்தான் போதும். கைக்கணினி வாங்கினால் எல்லாருக்கும் உதவும், விலையும் குறைவு என்பது தந்தையின் கணக்கு. அதில் தனது திட்டப்பணியை முடிக்க முடியாது என்பது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகளின் கவலை. பாட்டிக்கோ ஈப்போவில் இருக்கும் தங்கையின் முகத்தைப் பெரிய திரையில் பார்த்துப் பேசினால் போதும்.

சிங்கப்பூரில் பல வீவக வீடுகளில் இப்போது இந்தப் பேச்சு எழுவதற்குக் காரணம் உண்டு. ‘விண்டோஸ் 10’ இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. ஏறத்தாழ 2018க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை ‘விண்டோஸ் 11’க்கு மாறத் தகுதிபெறவில்லை. கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பதைப் போன்றது.

பழையதற்கு மாற்றாகக் கைக்கணினியை வாங்கலாமா? சிலருக்குத் தாராளமாக வாங்கலாம், சிலருக்கு வாங்கவே கூடாது. அவரவர் செய்யும் வேலையைப் பொறுத்து விடை மாறுகிறது.

பழைய வாக்குறுதி

கைக்கணினி கணினியின் இடத்தைப் பிடித்துவிடும் என்ற பேச்சு புதியதன்று. 2001ஆம் ஆண்டிலேயே மைக்ரோசாஃப்டின் பில் கேட்ஸ், ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்காவில் அதிகம் விற்பனையாகும் கணினி வகையாகக் கைக்கணினி மாறும் என்று முன்னுரைத்தார். அது நடக்கவில்லை.

2010ல் ஆப்பிள் ஐபேடை அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டு ஸ்டீவ் ஜாப்ஸ் கணினியை லாரிக்கு ஒப்பிட்டார். பாரம் ஏற்ற லாரி எப்போதும் தேவைப்படும், ஆனால் பெரும்பாலானோர் காரில்தான் போவார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். 2012ல் மைக்ரோசாஃப்ட் ‘சர்ஃபேஸ் ஆர்டி’யைக் கொண்டுவந்தது. பார்வைக்கு அது விண்டோஸ் கணினி போலவே இருந்தது. ஆனால், வழக்கமான விண்டோஸ் மென்பொருள்களை அதில் நிறுவ முடியவில்லை. வாங்க ஆளில்லாமல் தேங்கிய அச்சாதனத்தால் 2013ல் அந்நிறுவனம் 90 கோடி அமெரிக்க டாலர் இழப்பைக் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று.

ஒரு சாதனம் கணினியைப் போல் தோன்றுவது போதாது, அன்றாட வேலைக்குத் தேவையான மென்பொருள் அதில் ஓட வேண்டும். அன்று சந்தை கற்றுக்கொண்ட அந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

வேகம் அல்ல சிக்கல்

கைக்கணினிக்கு வேகம் போதாது என்று பலரும் நினைக்கின்றனர். அந்தக் காலம் மலையேறிவிட்டது. ஆப்பிள் 2020ல் தனது மடிக்கணினிகளில் பொருத்திய ‘எம்1’ சில்லையே 2021ல் ஐபேட் புரோவிலும் பொருத்தியது. உள்ளே இருக்கும் மூளை ஒன்றே. ஆனாலும், இரண்டிலும் செய்யக்கூடிய வேலைகள் ஒன்றல்ல.

வேறுபாடு இயங்குதளத்தில் இருக்கிறது. கைக்கணினியில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் பூட்டப்பட்டது போல இயங்குகிறது. ஒரு செயலி இன்னொன்றின் கோப்புகளை இஷ்டம்போல் தொட முடியாது. நச்சுநிரல் எளிதில் பரவாமல் இருப்பதற்கும் மின்கலம் நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பதற்கும் இத்தகைய கட்டுப்பாடுகள் உதவுகின்றன. அதே கட்டுப்பாடுதான், நான்கைந்து மென்பொருள்களுக்கிடையே கோப்புகளை மாற்றி மாற்றி வேலை செய்வோருக்குத் தடையாகவும் நிற்கிறது.

இடைவெளி குறைந்து வருவதையும் மறுக்க முடியாது. ஐபேடில் கோப்புகளுக்கெனத் தனிச் செயலி 2017ல் வந்தது. 2020ல் சுட்டியையும் தொடுபலகையையும் முறையாகப் பயன்படுத்த வழி பிறந்தது. 2025 செப்டம்பரில் வெளியான ‘ஐபேட்ஓஎஸ் 26’, கணினியில் உள்ளது போலவே பல சாளரங்களை விரும்பிய அளவில் திறந்துவைக்க இடம் தந்தது. சாம்சுங் கைக்கணினிகள் சிலவற்றில் ‘டெக்ஸ்’ என்ற வசதி மேசைக் கணினி போன்ற தோற்றத்தைத் தருகிறது.

கைக்கணினி வெல்லும் இடங்கள்

வாசிப்பதற்கு அதைவிட வசதியான சாதனம் இல்லை. தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களைத் தமிழிலும் இரவல் பெற்று, எழுத்தைப் பெரிதாக்கி, சாய்வு நாற்காலியில் அமர்ந்து படிக்கலாம். கண்பார்வை மங்கிய முதியவருக்குத் திறன்பேசித் திரை மிகச் சிறியது, மடிக்கணினியோ சிக்கலானது. இரண்டுக்கும் நடுவே கைக்கணினி கச்சிதமாகப் பொருந்துகிறது.

கணிதம், அறிவியல் பாடங்களில் அதன் பலம் வேறு. சமன்பாட்டையும் வரைபடத்தையும் விசைப்பலகையில் தட்டுவது பெரும்பாடு. மின்னிலக்கப் பேனாவால் திரையிலேயே எழுதினால் நொடியில் முடிகிறது. ஆசிரியர் அனுப்பும் பயிற்சித்தாளை அச்சிடாமலேயே விடையெழுதித் திருப்பி அனுப்பலாம். ஓவியம் பழகும் பிள்ளைகளுக்கும் அது வரப்பிரசாதம்.

சிங்பாஸ் வழியாக மத்திய சேம நிதிக் கணக்கைப் பார்ப்பது, வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்வது, மருந்தக முன்பதிவு, காணொளி அழைப்பு ஆகியவற்றுக்கு மடிக்கணினி கட்டாயமில்லை. உணவுக்கடையில் ‘ஆர்டர்’ எடுப்பதற்கும் கட்டணம் பெறுவதற்கும் கைக்கணினியையே பலர் பயன்படுத்துகின்றனர்.

தடுமாறும் இடங்கள்

கடைக்காரர் மாலையில் கணக்குப் போட உட்காரும்போதுதான் தடுமாற்றம் தெரிகிறது. கைக்கணினியிலும் ‘எக்செல்’ செயலி உண்டு. ஆனால், வேலையைத் தானாகச் செய்து முடிக்கும் ‘மேக்ரோ’ நிரல்கள் அதில் ஓடா. பல தாள்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதும் கடினம்.

திரையின் பரப்பளவைக் கணக்கிட்டால் காரணம் விளங்கும். 11 அங்குலக் கைக்கணினியின் திரை ஏறத்தாழ 58 சதுர அங்குலம். 14 அங்குல மடிக்கணினிக்கு அது சுமார் 88. மேசைமேல் இருக்கும் 24 அங்குலத் திரைக்கோ ஏறக்குறைய 246. அதாவது, கைக்கணினியைப் போல் நான்கு மடங்குக்கு மேல். அந்தச் சிறிய திரையிலும் தொடுவிசைப்பலகை திறந்தவுடன் பாதி இடம் மறைந்துவிடுகிறது.

தொழில்முறை மென்பொருள்களில் தடை இன்னும் பெரிது. பொறியியல் வரைபடத்திற்குப் பயன்படும் ‘சாலிட்வொர்க்ஸ்’ விண்டோசுக்கென உருவாக்கப்பட்டது. ஐபோன் செயலிகளை முழுமையாக உருவாக்க உதவும் ‘எக்ஸ்கோட்’ மேக் கணினியில் மட்டுமே ஓடும். ஐபேடுக்கான ‘ஃபோட்டோஷாப்’ 2019ல் வந்தது, ஆனால் கணினியில் உள்ள எல்லா வசதிகளும் அதில் இல்லை. காணொளித் தொகுப்பில் மட்டும் நிலைமை மாறியிருக்கிறது. ‘டாவின்சி ரிசால்வ்’, ‘ஃபைனல் கட் புரோ’ இரண்டும் இப்போது ஐபேடிலும் கிடைக்கின்றன.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது

தமிழில் நான்கு வரி செய்தி அனுப்ப கைக்கணினியே சுலபம். அஞ்சல், தமிழ்99 என இரு விசைமுகங்களும் 2013 முதல் ஐபேடிலேயே உள்ளன. ஆண்ட்ராய்டு கைக்கணினியில் ‘ஜிபோர்டு’ செயலியை நிறுவினால், வாயால் சொல்லியோ விரலால் எழுதியோ தமிழை உள்ளிடலாம். தட்டச்சுப் பழகாத முதியோருக்கு இது பெரிய உதவி.

ஆனால், பட்டிமன்ற உரையோ ஆலய விழா மலருக்கான கட்டுரையோ எழுதுவோருக்குச் சேர்ந்தாற்போல் ஆயிரம் சொற்கள் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அதற்கு அசல் விசைப்பலகை வேண்டும். கைக்கணினியோடு இணைக்கும் சிறிய விசைப்பலகைகளில் விசைகள் நெருக்கமாக இருக்கும். ஆகவே, வாங்குமுன் கடையிலேயே விசைப்பலகையை இணைத்து, தமிழில் ஒரு பத்தி தட்டச்சு செய்து பார்த்துவிடுவது நல்லது. குறில், நெடில், மெய்யெழுத்து எல்லாம் பழகிய முறைப்படி வருகின்றனவா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பள்ளிச் சாதனம் குடும்பச் சாதனம் ஆகுமா?

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற திட்டம் முதலில் 2028ஆம் ஆண்டுக்குள் நிறைவேற இருந்தது. கொவிட்-19 காலத்தில் அது முன்னுக்குக் கொண்டுவரப்பட்டு 2021ல் நடப்புக்கு வந்தது. ஐபேட், குரோம்புக், விண்டோஸ் மடிக்கணினி ஆகியவற்றுள் எது பொருத்தம் என்பதைப் பள்ளியே தீர்மானிக்கிறது. எடுசேவ் கணக்கிலிருந்து பணம் செலுத்தலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கூடுதல் மானியமும் உண்டு.

ஐபேடைத் தேர்ந்தெடுத்த பள்ளிகள் பலவும் அதை வெறுமனே வாங்கச் சொல்லவில்லை. விசைப்பலகை உறையும் பேனாவும் சேர்ந்த தொகுப்பாகவே வாங்கச் செய்தன. விசைப்பலகை இல்லாத கைக்கணினி படிப்புக்கு முழுமையாகாது என்பதற்கு அதுவே சான்று.

அந்தச் சாதனத்தையே வீட்டிலுள்ள அனைவரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எண்ணுவது சரிவராது. அதில் கல்வி அமைச்சின் சாதன நிர்வாகச் செயலி நிறுவப்பட்டிருக்கும். எந்தச் செயலியை நிறுவலாம், எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம், இரவு எப்போது சாதனம் உறங்க வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்தும். பிள்ளையின் நலனுக்காக அமைந்த அந்தக் கட்டுப்பாடுகளோடு தந்தையின் தொழில் கணக்கைச் செய்ய முடியாது.

உண்மையான விலை

கைக்கணினி மலிவு என்ற எண்ணத்தைக் கூட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். உதாரணத்திற்கு, 500 வெள்ளிக்கு ஒரு கைக்கணினி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். விசைப்பலகைக்கு 150 வெள்ளி, பேனாவுக்கு 100 வெள்ளி, உறைக்கும் சுட்டிக்கும் 50 வெள்ளி என்றால் மொத்தம் 800 வெள்ளி. அந்தப் பணத்திற்கு அன்றாட வேலைக்கேற்ற மடிக்கணினியே வாங்கிவிடலாம்.

மேலும் ஒரு செலவு பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையுள்ள கைக்கணினியில் ‘வேர்ட்’, ‘எக்செல்’ கோப்புகளைத் திருத்த மைக்ரோசாஃப்ட் சந்தா கட்ட வேண்டும். ‘கூகல் டாக்ஸ்’ போன்ற இலவசச் செயலிகள் உண்டு என்றாலும் அலுவலகக் கோப்புகளின் வடிவமைப்பு சில வேளை அவற்றில் கலைந்துவிடும்.

பழுதுபார்ப்பையும் நினைவில் கொள்ள வேண்டும். மேசைக் கணினியில் நினைவகம், சேமிப்பகம், மின்விநியோகப் பெட்டி என எதையும் தனித்தனியே மாற்றலாம். கைக்கணினியின் உள்சேமிப்பகத்தைப் பிறகு பெருக்க முடியாது. மின்கலம் பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதை வாங்கும் நாளிலேயே கேட்டறிவது அவசியம்.

கழுத்தும் கண்ணும்கூட விலை கொடுக்கின்றன. மேசையில் கிடத்திய கைக்கணினியை மணிக்கணக்கில் குனிந்து பார்ப்போருக்குக் கழுத்து வலி வரும். மடிக்கணினியிலும் அந்தக் குறை ஓரளவு உண்டு. கண்மட்டத்தில் திரை, கைமட்டத்தில் விசைப்பலகை என அமைக்க மேசைக் கணினியே எளிது. நாள் முழுவதும் வீட்டிலிருந்து வேலை செய்வோர் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

யாருக்கு எது?

வாசிப்பு, காணொளி, உரையாடல், கட்டணம் செலுத்துதல் ஆகியவையே பெரும்பாலான பயன்பாடு என்றால் கைக்கணினி போதும். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் அதுவே பொருத்தம்.

நீண்ட கட்டுரை, எக்செல் கணக்கு, நிரலாக்கம், பாடத்திட்டம் கேட்கும் குறிப்பிட்ட மென்பொருள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மடிக்கணினியே முதல் தேர்வு. பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ சேரும் மாணவர்கள், அந்தந்தப் பாடப்பிரிவு பரிந்துரைக்கும் கணினித் தரத்தைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

முடிவெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வாரத்திற்குப் பழைய கணினியில் யார், எதற்காக, எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று தாளில் குறித்துவைக்கலாம். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் கைக்கணினியில் செய்ய முடிந்தால் தயக்கம் வேண்டாம். ஒன்றே ஒன்று முடியாவிட்டாலும், அந்த ஒன்று எவ்வளவு முக்கியம் என்று கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலை என்றால் உறவினர் வீட்டுக் கணினியில் செய்துகொள்ளலாம். மகளின் பட்டயப் படிப்பு என்றால் அதைத் தள்ளிவைக்க முடியாது.

வசதி குறைந்த குடும்பங்கள் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் ‘டிஜிட்டல் அக்சஸ் அட் ஹோம்’ திட்டத்தை நாடலாம். 2023ல் தொடங்கிய அத்திட்டத்தின்கீழ் தகுதிபெறும் குடும்பங்களுக்கு மானிய விலையில் இணையச் சேவையும் மடிக்கணினி அல்லது கைக்கணினியும் கிடைக்கின்றன. பழைய கணினியில் கூகலின் ‘குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ்’ இயங்குதளத்தை இலவசமாக நிறுவி, அதற்கு மறுவாழ்வு தரவும் வாய்ப்புண்டு. நிறுவுமுன் முக்கியக் கோப்புகளை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவினால் பழையவை அழிந்துவிடும்.

இப்போது மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். மகளுக்கு மடிக்கணினி, பழைய கணினிக்குப் புது இயங்குதளம் என்று முடிவானால் ஒரே தொகையில் இருவர் வேலை நடக்கும். பாட்டியின் ஆசைக்கும் வழி இருக்கிறது. அந்த மடிக்கணினித் திரையில் ஈப்போ தங்கையின் முகம் இன்னும் பெரிதாகவே தெரியும். அழைப்பை இணைத்துக்கொடுக்கப் பேத்தி ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.