தோட்டாவைக் கடித்தல்: தாள் தோட்டாவின் அமைப்பும் சொற்பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

1857ஆம் ஆண்டு எழுச்சியைப் பற்றிய தமிழ்ப் பாடநூல்களும் வரலாற்று நூல்களும் சிப்பாய்கள் தோட்டாவைக் கடிக்க மறுத்த செய்தியைக் கூறுகின்றன. பித்தளை உறையுள்ள தோட்டாவை மட்டுமே அறிந்த இன்றைய வாசகருக்குத் தோட்டாவை ஏன் கடிக்க வேண்டும் என்பது விளங்குவதில்லை. அக்காலத் தோட்டா தாளால் ஆனது. அதன் ஆக்கமுறை, பயன்படுத்தும் முறை, அதில் தாள் ஆற்றிய பணிகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அதன் வழியாகத் 'தோட்டா' என்னும் சொல்லின் பொருள் மாற்றத்தையும், பழைய நூல்களுக்குக் குறிப்புரை எழுதுவோர் கருத வேண்டியவற்றையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தாள் தோட்டா, வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கி, சன்னம், குண்டு, சொற்பொருள் மாற்றம்.

1. முன்னுரை

ஒரு பொருள் வழக்கொழிந்த பின்னும் அதன் பெயர் வழக்கில் நிலைத்து, வேறொரு பொருளைக் குறிக்கத் தொடங்குவது மொழியில் இயல்பாக நிகழ்வது. அவ்வாறு நிகழும்போது பழைய நூலில் அப்பெயரைக் காணும் வாசகர், தாம் அறிந்த புதிய பொருளையே மனத்தில் கொள்கிறார். சொல் அறிமுகமானதாக இருப்பதால் ஐயம் எழுவதில்லை. ஐயம் எழாததால் பிழையும் வெளிப்படுவதில்லை. 'தோட்டா' அத்தகைய சொற்களுள் ஒன்று.

பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் தமிழகத்தில் நிகழ்ந்த போர்களில் படைவீரர் ஏந்தியவை பெரும்பாலும் வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிகளே. அவற்றின் குழல் உட்புறம் புரி இல்லாமல் வழுவழுப்பாக இருந்தது. மருந்தும் குண்டும் குழலின் முன்வாய் வழியாகவே உட்செலுத்தப்பட்டன. அத்துப்பாக்கிகளுக்கு உரிய தோட்டா எவ்வாறு அமைந்தது என்பதை அறியாமல் அக்காலப் பதிவுகளைச் சரிவரப் படிக்க இயலாது.

2. தாள் தோட்டாவுக்கு முன்

வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியைச் சுடுவதற்கு நான்கு பொருள்கள் தேவை: தீப்பற்றும் துளையருகே இடும் சிறிதளவு மருந்து, குழலுக்குள் இடும் மருந்து, அதனை இறுக்கும் அடைப்பு, குண்டு அல்லது சன்னம். தொடக்க காலத்தில் இவை தனித்தனியே எடுத்துச் செல்லப்பட்டன. மருந்து கொம்பிலோ குடுவையிலோ இருந்தது. குண்டுகள் பையில் இருந்தன. ஒவ்வொரு முறையும் மருந்தை அளந்து இட வேண்டியிருந்தது. அளவு குறைந்தால் குண்டு இலக்கை எட்டாது. மிகுந்தால் குழலே பிளக்கக்கூடும். போர்க்களத்தின் பதற்றத்தில், காற்றிலும் மழையிலும் நின்று அளப்பது எளிதன்று.

ஐரோப்பியப் படைவீரர் ஒருமுறைக்கு உரிய மருந்தை அளந்து நிரப்பிய சிறு மரக்குப்பிகளைத் தோள்வாரில் கோத்து அணிந்தமை இதற்கான முதல் தீர்வுகளுள் ஒன்று. இதனால் அளவுச் சிக்கல் தீர்ந்தது; ஆயினும் குண்டும் அடைப்பும் தனித்தே இருந்தன. மருந்தையும் குண்டையும் ஒரே தாளில் சுருட்டிக் கட்டியபோதுதான் சிக்கல் முழுமையாகத் தீர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சுவீடன் மன்னர் கஸ்டாவஸ் அடால்பசின் படை இம்முறையைப் பரவலாகக் கையாண்டது. பின்னர் ஐரோப்பியப் படைகள் அனைத்துக்கும் அது பொதுவாயிற்று.

3. தாள் தோட்டாவின் ஆக்கம்

கிழக்கிந்தியக் கும்பெனியின் படைகளுக்கென உருவாகி, 1790களில் பிரித்தானிய அரசுப் படையும் ஏற்றுக்கொண்ட 'இந்தியா பேட்டர்ன்' துப்பாக்கியை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் குழல் 39 அங்குல நீளமுடையது. உள்விட்டம் ஏறத்தாழ 0.75 அங்குலம். அதில் இடும் ஈயக்குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.69 அங்குலமே. இந்த இடைவெளி தொழிற்குறையன்று. தேவை கருதி வைக்கப்பட்டது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்த கருமருந்து எரிந்தபின், அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி திடக் கசடாக எஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி குழலின் உட்சுவரில் படியும். குழலுக்குச் சரியாகப் பொருந்தும் குண்டாயின், சில முறை சுட்ட பின்னர் உள்ளே இறங்காது.

தோட்டா செய்வதற்குத் தாள் சரிவக வடிவில் வெட்டப்பட்டது. செவ்வகத் தாளைச் சுருட்டினால் அதன் விளிம்பு ஒரே கோட்டில் முடிந்து மேடாக நிற்கும். சரிவகத் தாளின் சாய்ந்த விளிம்போ உருளையைச் சுற்றிப் படிப்படியாக இறங்கிச் செல்லும். குழலைவிடச் சற்று மெலிந்த மரக்கோலின் மீது தாள் சுருட்டப்படும். கோலின் நுனியில் குண்டு அமர்வதற்கு ஒரு குழி உண்டு. குண்டை அதில் வைத்து, தாளின் முனையை அதன்மேல் குவித்து நூலால் கட்டுவர். பின்னர்க் கோலை உருவி, வெறுமையான பகுதியில் அளந்த மருந்தை இட்டு, எஞ்சிய தாளை முறுக்கி மடிப்பர். இவ்வாறு ஒருமுனையில் குண்டும் மறுமுனையில் மருந்தும் கொண்ட, விரல் பருமனான தாளுருளை உருவாகும். இதற்குத் தாள் உறுதியாகவும் இருக்க வேண்டும், எளிதில் கிழியவும் வேண்டும். ஓவிய மாணவர் இன்று 'கார்ட்ரிட்ஜ் தாள்' என வாங்கும் கெட்டித் தாளின் பெயர் இத்தோட்டாவிலிருந்தே வந்தது.

4. கடித்தல் முதல் சுடுதல் வரை

வீரர் இடக்கையில் துப்பாக்கியைத் தாங்கி, வலக்கையால் தோற்பெட்டியிலிருந்து தோட்டாவை எடுப்பார். ஒரு கை துப்பாக்கியைப் பற்றியிருப்பதால், தாளின் மடித்த முனையைப் பல்லால் கடித்துக் கிழிப்பதே விரைவான வழி. சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் துப்பாக்கியாயின், மருந்தில் சிறிதளவைத் துளையருகே உள்ள கிண்ணத்தில் இட்டு மூடுவார். பின்பு துப்பாக்கியை நிமிர்த்தி, எஞ்சிய மருந்தைக் குழலுக்குள் கொட்டி, குண்டைத் தாளுடனேயே உள்ளிட்டுக் கோலால் இடித்து இறக்குவார். நன்கு பயின்றவர் ஒரு நிமிடத்தில் மூன்று முறை வரை சுட முடிந்தது. முன்பற்கள் இல்லாதவர் காலாட்படைக்குத் தகுதியற்றவராகக் கருதப்பட்டதற்கும் காரணம் இதுவே.

தாள் இங்கு வெறும் பொதியுறை அன்று. அது நான்கு பணிகளைச் செய்கிறது. அளந்த மருந்தைக் காப்பதால் அது அளவையாகிறது. மருந்தையும் குண்டையும் இணைப்பதால் கலமாகிறது. குழலுக்குள் கசங்கி இறங்கும்போது, குண்டுக்கும் குழலுக்கும் இடையிலுள்ள வெளியை ஓரளவு நிரப்பி அடைப்பாகிறது. துப்பாக்கியின் வாயைத் தாழ்த்தினாலும் குண்டு உருண்டு விழாதபடி தடையுமாகிறது. வேட்டைத் துப்பாக்கி கெட்டிப்போர் துணியாலும் நாராலும் தனியே இட்ட அடைப்பின் வேலையைப் படைவீரருக்கு இத்தாளே செய்தது.

இம்முறைக்கு ஒரு விலையும் உண்டு. தோட்டாவைச் சார்ந்த வீரர், பெட்டியில் தோட்டா தீர்ந்தவுடன் சுடும் ஆற்றலை இழந்தார். 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் இந்நிலை காணப்பட்டது. கோட்டை மதிலில் எஞ்சி நின்ற ஆங்கிலேயப் படையினரிடம் தோட்டா தீர்ந்திருந்தது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்து வந்த கில்லஸ்பி, மதிலில் ஏறி அவர்களைத் துப்பாக்கி முனையில் செருகிய கத்தியைக் கொண்டே தாக்கச் செய்தார். தோட்டாவற்ற துப்பாக்கி ஈட்டியாகவே பயன்பட்டது.

5. குண்டும் சன்னமும்

புரியற்ற குழலுக்கு உரிய சிறப்பு, ஒற்றைக் குண்டையும் பல சிறு சன்னங்களையும் அது ஒருங்கே ஏற்பதாகும். புரிக்குழலில் சன்னத்தை இட்டுச் சுட்டால் குழலின் சுழற்சி அவற்றைச் சிதறடித்துவிடும். புரியற்ற குழலில் அவை நெருங்கிய திரளாக வெளியேறும். ஆகவே தாள் தோட்டாவில் குண்டுக்கு மாற்றாகவோ குண்டுடன் சேர்த்தோ சன்னங்களை இடும் வழக்கம் தோன்றியது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1777இல், இனிச் செய்யப்படும் தோட்டாக்கள் அனைத்திலும் சன்னங்களைச் சேர்க்குமாறு வாஷிங்டன் ஆணையிட்டார். ஒரு குண்டும் மூன்று சன்னங்களும் கொண்ட தோட்டா அமெரிக்கப் படையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைக்காலம் வரை நீடித்தது.

வேட்டைக்கு உரிய சன்னத் தோட்டா சற்று வேறுபட்டது. 1820களின் இறுதியில் இலண்டனில் ஈலி சகோதரர்கள் செய்து விற்ற தோட்டாவில் மருந்து இல்லை. மெல்லிய கம்பிவலைக் கூட்டில் சன்னங்களை இட்டு, இடைவெளியை எலும்புத் தூளால் நிரப்பி, மேலே தாளைச் சுற்றினர். வேட்டைக்காரர் மருந்தைத் தனியே அளந்து இட்டு, அதன்மேல் இத்தோட்டாவை இறக்கினார். சன்னங்கள் குழலைவிட்டு வெளியேறிய உடனே சிதறாமல், சற்றுத் தொலைவு சென்று விரிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். தோட்டா என்பது மருந்தும் எறிபொருளும் சேர்ந்ததாகவே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இது காட்டுகிறது.

6. தாளின் மீது எழுந்த ஐயம்

என்பீல்டு புரிக்குழல் துப்பாக்கி இந்தியாவுக்கு வந்தபோது தோட்டாவும் மாறியது. 0.577 அங்குல உள்விட்டமுள்ள அதன் குழலில் குண்டு நெருக்கமாக இறங்க வேண்டியிருந்ததால் வழுக்குப் பொருள் தேவைப்பட்டது. கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சில் தோட்டாவின் குண்டு முனை தோய்க்கப்பட்டது. வீரர் கடித்தது அம்முனையை அன்று. மருந்து இருந்த மறுமுனையையே. இதனைக் கொண்டு சிப்பாய்களின் அச்சம் அடிப்படையற்றது என வாதிடுவோர் உண்டு. ஆனால் தோட்டா முழுவதும் ஒரே தாளால் சுற்றப்பட்டது. அதனைக் கையில் எடுத்து வாயில் வைக்க வேண்டியிருந்தது. ஒரே தாளாலான பொருளில் தீண்டத்தக்க முனை, தகாத முனை என்னும் பிரிவுக்கு இடமில்லை.

ஐயம் கொழுப்போடு நில்லாமல் தாளையும் பற்றியது. 1857 பிப்ரவரியில் பாரக்பூரில் நடந்த விசாரணையில் சிப்பாய்கள் புதிய தாளின் பளபளப்பையே சுட்டிக் காட்டினர். அம்மாதம் 26ஆம் நாள் பெர்காம்பூரில் 19ஆம் படைப்பிரிவினர் பயிற்சிக்கு உரிய பொருள்களை ஏற்க மறுத்தனர். அவர்களுக்கு வழங்கவிருந்தவை பழைய புரியற்ற துப்பாக்கிக்கு உரிய, குண்டற்ற வெற்றுத் தோட்டாக்கள். அவற்றுக்குக் கொழுப்புத் தேவையே இல்லை. ஆயினும் தாளின் நிறம் வேறுபட்டிருந்தது ஐயத்துக்கு இடமளித்தது. அப்படைப்பிரிவு மார்ச் 31இல் கலைக்கப்பட்டது. மீரட்டில் ஏப்ரல் 24ஆம் நாள் குதிரைப் படையினர் 90 பேருள் 85 பேர் மறுத்தவையும் பழைய வகைத் தோட்டாக்களே. அதற்குள் கடிப்பதற்கு மாற்றாகக் கையால் கிழிக்கும் முறையும் வந்துவிட்டது. ஆயினும் ஐயம் தணியவில்லை. 'கொழுப்புத் தடவிய தோட்டா' என்னும் ஒற்றைத் தொடரால் இந்நிகழ்ச்சிகளை விளக்க முடியாது. ஆயுதத்தின் உறுப்புகளுள் வாய்க்குள் செல்வது தாள் ஒன்றே என்பதை அறிந்தால்தான் இவை விளங்கும்.

7. சொல்லும் பொருளும்

ஐரோப்பியச் சொல்லில் தாள் வெளிப்படையாகவே உள்ளது. ஆங்கிலக் 'கார்ட்ரிட்ஜ்' பிரெஞ்சுக் 'கார்த்தூஷ்' என்பதன் திரிபு. அது தாளைக் குறிக்கும் 'கார்த்தா' என்னும் சொல்லடியாகப் பிறந்த இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இந்தியின் 'கார்தூஸ்' என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. தமிழ்த் 'தோட்டா'வோ இந்துஸ்தானியின் 'டோட்டா', தெலுங்கின் 'தூட்டா' ஆகியவற்றோடு உறவுடையது.

இன்றைய செய்தித்தாள்களில் 'தோட்டா உடலில் பாய்ந்தது' என்னும் தொடர் இயல்பாக வழங்குகிறது. பாய்வது குண்டே, தோட்டா அன்று. இப்பொருள் விரிவு உலோகத் தோட்டாவின் காலத்துக்கு உரியது. ஆனால் பழைய பொருள் வழக்கில் முற்றிலும் மறையவில்லை. கிணறு வெட்டுவோரும் கல்லுடைப்போரும் பாறைத் துளையில் வைக்கும் வெடிமருந்து உருளையைத் 'தோட்டா' என்றே வழங்குகின்றனர். அதில் குண்டு இல்லை. சுற்றிய உறையும் மருந்துமே உள்ளன. தாள் தோட்டாவின் இலக்கணம் உழைப்பாளர் வழக்கில் இன்றும் வாழ்கிறது. அவ்வாறே, துப்பாக்கியைத் 'துவக்கு' என வழங்கும் இலங்கைத் தமிழில் 'ரவை', 'சன்னம்' ஆகிய சொற்களும் நிலைத்துள்ளன. தமிழக எழுத்து வழக்கோ இவை அனைத்தையும் 'குண்டு', 'தோட்டா' என்னும் இரண்டினுள் அடக்கிவிடுகிறது.

8. முடிவுரை

மருந்தும் எறிபொருளும் சேர்ந்த முழுப் பொருளைத் 'தோட்டா' எனவும், ஒற்றை ஈயவுருண்டையைக் 'குண்டு' எனவும், சிறியவை பலவற்றைச் 'சன்னம்' எனவும், குழலுள் இறுக்குவதை 'அடைப்பு' எனவும் வேறுபடுத்தி எழுதுவது பதிப்பாசிரியர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் பயன்தரும். உலோகத் தோட்டா பரவுவதற்கு முற்பட்ட நூல்களில் இச்சொல் வருமிடத்து 'தாள் தோட்டா' என ஒரு குறிப்பு இடுவது போதுமானது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு முதலாக அக்காலப் போர்களைக் கூறும் பதிவுகளைப் படிப்போர்க்கு அக்குறிப்பு தேவையானதுமாகும். பள்ளி மாணவர்க்கு அது இன்னும் தேவையானது. தோட்டா தாளால் ஆனது என்னும் ஒரு வரியைப் பாடநூல் சேர்த்துக் கூறினால், சிப்பாய் அதனை ஏன் கடித்தார் என்பதும், ஏன் கடிக்க மறுத்தார் என்பதும் அவர்க்கு ஒருசேர விளங்கும்.