மண்ணுக்குள் இருந்த குடும்பம்

2003இல் ஊதா நிறத் தவளை ஒன்று அறிவியல் உலகைத் திகைக்க வைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கிடைத்தது அது. உப்பிய உடல், குட்டைக் கால்கள், பன்றியினுடையது போல நீண்ட மூக்கு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கறையான் தின்று கழிக்கும். மழைக்காலத்தில் இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டும் மேலே வரும். மலைவாழ் மக்களுக்குப் பழக்கமான உயிர்தான். ஆனால் இதை எந்தக் குழுவில் சேர்ப்பது?

18ஆம் நூற்றாண்டில் சுவீடனின் லின்னேயஸ், கண்ணுக்குத் தெரியும் உறுப்புகளைப் பார்த்தே உயிர்களைப் பிரித்தார். உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று இன்று பள்ளியில் படிக்கும் அடுக்கு அவர் போட்ட அடித்தளத்தில் வளர்ந்தது. 1859இல் பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் வந்தபின் வகைப்பாட்டின் பொருளே மாறியது. ஒரே குழு என்றால் ஒரே மூதாதையின் வழிவந்தவை. தோற்றம் அதற்கு ஒரு சாட்சிதான், தீர்ப்பு அல்ல. மண் தோண்டி வாழும் தவளைகள், உறவே இல்லாவிட்டாலும், ஒரேமாதிரி உப்பிய உடலைப் பெற்றுவிடும்.

ஆகவே இந்திய ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தின் பிராங்கி போசுட்டும் இந்த ஊதாத் தவளையின் டி.என்.ஏ.வை மற்றத் தவளைகளுடையதோடு ஒப்பிட்டார்கள். நெருங்கிய உறவு கிடைத்த இடம் சுமார் 3,000 கி.மீ. தள்ளி, இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகள்! அங்குள்ள உறவுத் தவளைகளில் ஒன்று ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். நம்முடையது சுமார் ஏழு சென்டிமீட்டர் இருக்கும். தவளைக்கு உப்புநீர் ஆகாது, கடலை நீந்திக் கடந்திருக்க வழியில்லை. நிலம்தான் பிரிந்திருக்கிறது. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்து, சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விலகின. இந்தத் தவளைகளின் கிளைகளோ அதற்கும் வெகுமுன்பே, ஒரே நிலத்தில் இருந்தபோதே, பிரிந்தவை என்று அவர்கள் கணித்தார்கள். ஒரு தவளையின் உறவுமுறை கண்டங்களின் வரலாற்றையே சொல்கிறது என்பதை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

இதற்கெனத் தனிக் குடும்பமே வகுத்தார்கள். செஷல்ஸ் தவளைகளின் குடும்பத்திலேயே இதையும் சேர்க்கலாம் என்றவர்களும் உண்டு. அதில் தவறில்லை. உறவு இயற்கையில் இருக்கிறது. குடும்பம் என்ற கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர் எடுக்கும் முடிவு.

2017இல் தமிழ்நாட்டின் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவிலிருந்து இந்த ஊதாத் தவளையின் பேரினத்தில் இரண்டாம் சிற்றினம் அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்யும் அந்தத் தவளைக்கு, கோவையில் பணியாற்றி மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.