நெஞ்சுக் காயமும் மரணச் சான்றிதழும்

வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவரின் உடலோடு ஊருக்கு வரும் பத்திரத்தில் 'இருதயம் நின்றது' என்று எழுதியிருப்பது எமக்குப் புதிதல்ல. கட்டார் குறித்துச் சர்வதேச மன்னிப்புச் சபை 2021இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சுட்டியது: இத்தகைய சொற்களுக்குப் பின்னால் அடிப்படைக் காரணம் பதியப்படாமலே விடப்படுகிறது. நெஞ்சில் பலத்த அடிபட்டவர் விடயத்தில் இச்சொல் எதை மறைக்கக்கூடும்?

ஐக்கிய அரபு இராச்சியத்தின் அல் ஐன் வைத்தியசாலையில் 2003 தொடக்கம் பேணப்பட்ட காயப் பதிவேட்டில் வீதி விபத்தும் விழுதலுமே முன்னிற்கின்றன. இரண்டுமே நெஞ்சுக்கூட்டை நசுக்கக்கூடியவை.

உடைந்த விலா எலும்பு நுரையீரலைக் கிழித்தால் நெஞ்சறைக்குள் காற்றுக் கசியும். கிழிசல் ஒருவழிக் கதவுபோல இயங்கினால், ஒவ்வொரு மூச்சிலும் புகும் காற்று வெளியேற வழியின்றி அமுக்கத்தை ஏற்றும். நுரையீரல் சுருங்கும், இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைப்படும். சில நிமிடங்களில் உயிர் போகலாம். அதே நெஞ்சறையில் இரத்தம் லீற்றர் கணக்கில் தேங்கவும் கூடும். இருதயத்தைச் சூழ்ந்த உறைக்குள்ளோ, திடீரெனச் சேரும் 200 மில்லிலீற்றர் இரத்தமே போதும். இருதயம் விரிய இடமின்றி நின்றுவிடும்.

இவை உடனே கொல்பவை. நுரையீரற் கன்றல் தாமதித்து வருவது. அடிபட்டவர் எழுந்து நடப்பார், பேசுவார். முதல் எக்ஸ்ரே தெளிவாகவே இருக்கலாம். அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்களில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். விலா வலிக்கு அஞ்சி இருமாதிருப்பவருக்குச் சளி தேங்கி, சில நாட்களின் பின் நியூமோனியா வரலாம். 'ஒன்றுமில்லை' என்று தொழிலாளியை முகாமுக்குத் திருப்பி அனுப்புவது ஆபத்தாவது இதனாலேயே.

வைத்தியம் அரிதானதல்ல. நெஞ்சுக் காயங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. காற்றையும் இரத்தத்தையும் வெளியேற்றும் குழாய், ஒட்சிசன், வலிநிவாரணி, இடைவிடாத கண்காணிப்பு ஆகியவையே போதும். ஆனால் அவை உரிய நேரத்தில் கிடைக்கவேண்டும்.

எல்லா மரணத்திலும் கடைசியில் இருதயம் நிற்கத்தான் செய்யும். அது முடிவு, காரணமன்று. உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் முறையும் மரணத்தைத் தொடக்கிவைத்த நோயை அல்லது காயத்தையே அடிப்படைக் காரணமாகக் கொள்கிறது. 'சாரத்திலிருந்து விழுந்தார், விலா முறிந்தது, நுரையீரல் சுருங்கியது' என்று எழுதப்பட்டால் அது தொழில் விபத்து. நட்டஈடு பற்றிய கேள்வி எழும். 'இருதயம் நின்றது' என்றால் எழாது. ஆகவே உறவினரும் தூதரகமும் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளுமுன் 'எதனால் நின்றது?' என்று எழுத்தில் கேட்கவேண்டும்.