உங்களுக்குத் தெரியுமா?
ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆன்டிபயாடிக்?

ஐரோப்பாவில் மருத்துவமனைக்கு வெளியே மக்கள் எவ்வளவு ஆன்டிபயாடிக் உட்கொள்கிறார்கள் என்பதை, நாடுகளை ஒப்பிட்டுக் கண்காணிக்கும் கூட்டு முயற்சி 2001-இல் தொடங்கியது. வெறுமனே மாத்திரைகளை எண்ணினால் கணக்கு உதைக்கும். 250 மில்லிகிராமும் 500 மில்லிகிராமும் ஒன்றாகிவிடும். அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் பெரியவர் ஒருவருக்கான சராசரி ஒருநாள் அளவை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு அப்படி எத்தனை அளவு செலவாகிறது என்பதுதான் ஒப்பீட்டுக்கான அலகு. (குழந்தைகளுக்கான சிரப்பையும் பெரியவர் அளவால்தான் வகுக்கிறார்கள். அது இந்த முறையின் ஓட்டை.)

2002-இல் பிரான்சில் இந்த எண்ணிக்கை சுமார் 32. நெதர்லாந்தில் 10. வரைபடத்தில் இரண்டு நாடுகளுக்கும் நடுவே இருப்பது பெல்ஜியம் மட்டுமே! எல்லை தாண்டினால் கிருமி மூன்று மடங்காகிவிடாது; சீட்டு எழுதும் கையும், கேட்டு வாங்கும் வழக்கமும்தான் வேறு. சளி, காய்ச்சல் என்றாலே ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை என்று பிரான்ஸ் அந்த ஆண்டே பெரிய பிரசாரத்தில் இறங்கியது. ஐந்தாண்டுகளில் சீட்டுகள் கால் பங்குக்கு மேல் குறைந்தன.

அளவுகோலும் மாறும். 2019-இல் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைக்கான ஒருநாள் அளவு 1 கிராமிலிருந்து 1.5 கிராமாக உயர்த்தப்பட்டது. விற்பனையில் ஒரு மாத்திரைகூடக் குறையாமலே, தாளில் அதன் பயன்பாடு மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடும். பல ஆண்டுப் போக்கை ஒப்பிட வேண்டுமானால், பழைய ஆண்டுகளையும் புது அளவில் திருப்பிக் கணக்கிட்டே ஆகவேண்டும். மேலே சொன்ன 32-உம் 10-உம் பழைய அளவுகோலில் வந்தவை.