கூலா மலாக்காவும் இனிப்பு நீரும்



போர்ட்டிக்சன் சாலையோரத் தோட்டம் ஒன்றில், செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மாளைச் சந்தித்தோம். இனிப்பு நீர் உள்ளவர். "வெள்ளைச் சீனியை நான் தொடுவதே இல்லை ஐயா. எல்லாம் கூலா மலாக்காதான். அது இயற்கையாம், உடம்புக்கு நல்லதாம்" என்றார். நல்லது என்று கேள்விப்பட்டதால், முன்பு ஒரு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியில் இப்போது இரண்டு கரண்டி. அதோடு நிற்கவில்லை, இனி மாத்திரை எதற்கு என்று அதையும் நிறுத்தியிருந்தார். மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் பார்த்தபோது, வெறும் வயிற்றில் 8 இருந்த இனிப்பு 14 ஆகியிருந்தது. காலில் முள் குத்திய இடம் ஆறாமல் நீர் வடிந்தது. முள் குத்தியபோது வலிக்கவே இல்லை என்று அவர் சொன்னதுதான் நம்மைத் திடுக்கிட வைத்தது. இரத்தத்தில் இனிப்பு நெடுங்காலம் மிகுந்திருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். வலி இல்லை என்றால் புண் இல்லை என்று பொருள் அல்ல.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே 100க்கு 31 பேர். மாநிலங்களில் முதலிடத்தில் நின்றது நமது நெகிரி செம்பிலான். 100க்கு 33 பேர். அவ்வாண்டு நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தமக்கு அந்நோய் இருப்பது அதுவரை தெரியாது.

சரி, கூலா மலாக்காவைப் பார்ப்போம். தென்னம்பாளையைச் சீவி, வடிகிற நீரைப் பெரிய கடாயில் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி உறையவைப்பது அது. நம் மாநிலத்தில் கோலப்பிலா பக்கம் கபோங் மரத்து நீரையும் இவ்வாறு காய்ச்சுவார்கள். மலாய்க்காரர்கள் அந்த நீரை 'நிரா' என்கிறார்கள். நம்மவர் 'நீரா' என்றும் பதநீர் என்றும் சொல்லும் அதே வகைதான். நம் பாட்டன்மார் ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியும் இந்தக் குடும்பமே. பனைநீர், தென்னைநீர், கரும்புச்சாறு ஆகிய மூன்றிலும் இனிப்பாக இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ் என்ற ஒரே பொருள். கரும்புச்சாற்றின் அழுக்கையும் நிறத்தையும் நீக்கினால் வெள்ளைச் சீனி. நீக்காமல் காய்ச்சினால் வெல்லம். குடலுக்குப் போனதும் அந்தச் சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. அது எந்த மரத்திலிருந்து வந்தது என்று குடல் விசாரிப்பதில்லை.

"அப்படியானால் அதில் நன்மையே இல்லையா?" என்று கேட்பீர்கள். ஓரளவு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓர் உணவு எவ்வளவு வேகமாக இரத்தத்தில் இனிப்பை ஏற்றுகிறது என்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். குளுக்கோஸுக்கு 100 என்றால், வெள்ளைச் சீனிக்குச் சுமார் 65. தென்னைச் சர்க்கரைக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வுக்கூடம் 35 என்று கண்டது. சிட்னி பல்கலைக்கழகத்தார் 54 என்று கண்டார்கள். ஆகவே வேகம் சற்றுக் குறையலாம். ஆனால் வேகம் குறைவு என்று சொல்லி அளவை இரட்டிப்பாக்கினால் கிடைத்த இலாபம் அதிலேயே போய்விடும். அந்த அம்மாள் வீட்டில் நடந்தது இதுதான்.

கருப்பட்டியில் இரும்புச் சத்து உண்டே என்பார்கள். உண்டு, கொஞ்சம். ஆனால் ஒரு கரண்டியில் வருவது ஒன்றுக்கும் போதாது. போதுமான அளவு வேண்டுமென்று தின்றால் இனிப்பு எகிறும். வீட்டுக்குப் பின்னால் முருங்கை நிற்கும்போது இரும்புக்காகக் கருப்பட்டியைத் தேடுவானேன்?

தேனும் அப்படியே. அதில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிவுரையில், குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் தேனையும் பாகுகளையும் பழச்சாற்றையும் சீனியோடு ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு அது சொல்லும் மேல்வரம்பு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. 25 கிராம் என்பது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. இது நோயில்லாதவருக்கும் உள்ள கணக்கு. பால்டின்னில் வரும் இனிப்புப் பாலில் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரை என்பதையும் நினைவில் வையுங்கள். கடையில் 'கூராங் மானிஸ்' என்று சொல்லித் தே தாரேக் வாங்குபவர், இனிப்பைக் குறைக்கிறாரே தவிர பால்டின்னை நிறுத்துவதில்லை! 'தே ஓ கோசோங்' என்று கேட்க நாக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும். நமக்குப் பழகியது.

சர்க்கரையே அல்லாத இயற்கை இனிப்புகளும் உண்டு. தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டில் குவாரானி மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த ஸ்டீவியா என்ற செடியின் இலை அதில் ஒன்று. இலையிலிருந்து பிரித்தெடுத்த சத்து சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும். இரத்தத்தில் இனிப்பை ஏற்றாது. ஜப்பானியர் 1970களிலிருந்து இதைப் பயன்படுத்துகிறார்கள். சுத்திகரித்த சத்துக்கு ஐ.நா. நிபுணர் குழு 2008இல் பாதுகாப்பான அளவை வரையறுத்தது. ஒன்றிரண்டு பொட்டலம் போட்டுத் தேநீர் குடிப்பவர் அந்த அளவின் பக்கத்தில்கூடப் போகமாட்டார். ஆனால் பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். 'டெக்ஸ்ட்ரோஸ்', 'மால்டோடெக்ஸ்ட்ரின்' என்று இருந்தால் சர்க்கரை வகை கலந்திருக்கிறது. சீனர் மருந்துக் கடையில் கிடைக்கும் லோ ஹான் குவோ காயிலும் இதுபோல் ஏற்றாத இனிப்பு உண்டு. காயைக் கொதிக்கவைத்துக் குடிப்பது வேறு. அதன் பெயரில் கட்டியாகவும் டின்னிலும் விற்பது வேறு. கட்டியிலும் டின்னிலும் பெரும்பாலும் சீனி சேர்ந்திருக்கும்.

இவற்றின் பயன் எது? சீனி போட்டுக் குடித்த இடத்தில் இதைப் போட்டால், அந்தச் சீனி உடம்புக்குள் போகாது, அவ்வளவே. நோயைக் குணப்படுத்தும் மருந்து இவற்றில் எதுவும் இல்லை. தேநீரில் ஸ்டீவியா போட்டுவிட்டு மூன்று தட்டுச் சோறும் ரொட்டி சானாயும் சாப்பிட்டால் இனிப்பு குறையப்போவதில்லை. மாவும் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு உறவினர் தமக்கு 180 என்று கடிதத்திலோ தொலைபேசியிலோ சொன்னால், "எனக்கு 10தானே" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அங்கே அளவு வேறு. நமது எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். 10ம் 180ம் ஒன்றே. கூலா மலாக்கா நமக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அடுத்த வீட்டாரைக் கேட்பதைவிட, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்ப்பதே மேல். அரசாங்கக் கிளினிக்கில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையும் செய்கிறார்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த எண்ணைப் பார்த்து டாக்டர் செய்ய வேண்டிய காரியம்.

கடைசியாக, சீனியே மருந்தாகிற நேரம் ஒன்று உண்டு. இன்சுலின் போடுபவரோ, சிலவகை மாத்திரை சாப்பிடுபவரோ, காலையில் பசியாறாமல் காட்டுக்குப் போனால், வெயில் ஏறும்போது இனிப்பு திடீரென்று இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், பேச்சுக் குழறும். அப்போது ஸ்டீவியா ஒரு பயனும் தராது. மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. தெளிந்ததும் சாப்பிட ஏதாவது கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வேலைக்குப் போகிறவரின் பையில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி எப்போதும் இருக்கட்டும். அது எதற்கென்று கூட வேலை செய்பவருக்கும் சொல்லிவையுங்கள்.