பற்றும் வரவும் பாட்டும்

நான் பி.காம். எனக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. இருந்தும் சாலிடரிங் அயர்னில் கையைச் சுட்டுக்கொண்டதற்குக் காரணம், பரணில் கிடந்த அப்பாவின் எல்.பி. ரெக்கார்டுகள்.

டர்ன்டேபிளை நேரே ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். கொசு பாடுகிற மாதிரி கேட்டது. "இதையா இத்தனை வருஷம் கட்டிக் காத்தேன்?" அப்பா முகம் சுருங்கிப்போச்சு.

விஷயம் இதுதான் சார். பாஸ் ஒலியை அப்படியே பதித்தால் ரெக்கார்டில் பள்ளம் அகலமாகி இடத்தை அடைக்கும். அதனால் பதியும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளைத் தூக்கிவிடுகிறார்கள். 1954-ல் வந்த இந்தக் கணக்குக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்று பெயர். ப்ரீ-ஆம்ப் அதைத் தலைகீழாக்கணும். அட, நம்ம டபுள் என்ட்ரி! அங்கே பற்று, இங்கே வரவு. கூடவே, ஊசி தரும் சுமார் 5 மில்லிவோல்ட்டை நூறு மடங்கு பெருக்கணும்.

ரிச்சி தெருவில் 5532 ஐ.சி. போட்ட கிட் வாங்கினேன். கப்பாசிட்டர்களை மீட்டரில் அளந்து, இடது வலது ஜோடி சேர்த்தேன். பைசா பிசகக்கூடாதே! மூன்று ராத்திரி பற்றவைத்தேன்.

பாட்டு வந்தது. கூடவே 'ஙொய்ய்' என்று ஒரு வண்டும்!

அப்பா எட்டிப் பார்த்தார். "டேய், பின்னாடி ஒரு ஒயர் சும்மா தொங்குதே?"

எர்த் ஒயர்! ப்ரீ-ஆம்ப் பெட்டியில் வைத்துத் திருகியதும் வண்டு போயே போச்சு. தபேலா நடுஹாலில் வந்து உட்கார்ந்தது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பக்கம் முடிந்தும் திறக்கவில்லை.

"திருப்பிப் போடுடா."